மணிமேகலையில் அதிகாரம் பெற்ற பெண்கள்

மணிமேகலைக் காப்பியத்தை 1898ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் அச்சேற்றியது முதல் அந்நூலைப் பற்றி எழுதியோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் காப்பியத் தலைவியின் துறவையும், அமுதசுரபியின் சிறப்பையும், பௌத்த அறத்தின் விளக்கத்தையுமே விரித்துரைத்தனர். அது இயல்பே. எனினும், அத்துறவுக்கு எதிராக நின்றவர் யாவர் என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. உதயகுமரன் என்பது உடனே கிடைக்கும் விடை. காப்பியத்தை ஊன்றிப் படிப்போர்க்கு வேறொரு விடை புலப்படும். மணிமேகலையை மீண்டும் கணிகையர் வீதிக்கு இழுக்க முனைபவள் அவளுடைய பாட்டி சித்திராபதி. அவளை உருக்குலைக்க முனைபவள் சோழனின் பட்டத்தரசி இராசமாதேவி. உதயகுமரனின் வேட்கையை மீண்டும் மூட்டித் தேரேற்றி அனுப்புபவளும் சித்திராபதியே. ஆண்கள் வகுத்த ஓர் ஒழுங்கை அதிகாரம் பெற்ற பெண்கள் காவல் காக்கும் காட்சியை இக்காப்பியம் நமக்குத் தருகின்றது.

வகுப்பறைகளில் இவ்விருவரும் பெரும்பாலும் ஒரே சொல்லால் முடிக்கப்படுகின்றனர். சித்திராபதி கொடியவள், இராசமாதேவி வஞ்சகி. பண்புநலன் எழுதுக என்ற வினாவுக்கு இவ்விடை போதுமானதாகக் கொள்ளப்படுகின்றது. இவ்விடை தவறன்று; ஆனால் குறையுடையது. இவர்களுடைய அதிகாரம் எங்கிருந்து வந்தது, அதன் எல்லை எது, அதை இழந்தால் இவர்களுக்கு என்ன நேரும் என்பவற்றைச் சாத்தனார் தெளிவாகவே காட்டியிருக்கிறார். அவற்றை விட்டுவிட்டு ‘கொடியவள்’ என்று மட்டும் எழுதும் மாணவர் காப்பியத்தின் பாதியைப் படிக்காமலே விடுகின்றார்.

சித்திராபதியின் உலகம்

சித்திராபதியைப் புரிந்துகொள்ளச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்குச் செல்லுதல் வேண்டும். அவள் மகள் மாதவி ஏழாண்டு ஆடலும் பாடலும் பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் சோழன் முன் அரங்கேறுகிறாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் மதிப்புள்ள மாலையும் பெறுகிறாள். அந்த மாலை ஒரு கூனியின் கையில் கொடுக்கப்பட்டு, செல்வ இளைஞர் திரியும் வீதியில் விலை கூறப்படுகின்றது. மாலையை வாங்குபவன் மாதவியை அடைவான் என்பது ஏற்பாடு. மாதவியின் கலை அரசனால் மதிப்பிடப்பட்டது. மாதவி வீதியில் விற்கப்பட்டாள். இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு பகுதிகள்.

இந்த அமைப்பில் ஒரு கணிகை அதிகாரம் பெறுவது முதுமையில்தான். இளமையில் விலைப்பொருளாக இருந்தவள், முதுமையில் விற்பவளாகிறாள். அவள் சொல்லுக்கு வீதி கட்டுப்படுகின்றது. இளவரசனின் மாளிகை வாயில் அவளுக்குத் திறக்கின்றது. குலமகளிர்க்குக் கிட்டாத கல்வியும் செல்வமும் நடமாடும் உரிமையும் அவளுக்கு உண்டு. இதை மறந்துவிட்டு அவளை மதிப்பிடுதல் நேர்மையாகாது. மாதவியும் மணிமேகலையும் துறவு பூண்டால் சித்திராபதி இழப்பது வருவாய் மட்டுமன்று. அவள் தன் வாழ்நாள் முழுவதும் பொறுத்துக்கொண்டவற்றுக்குக் கிடைத்த ஒரே கைம்மாறு அந்த அதிகாரம். அதுவும் அவள் கையைவிட்டுப் போகின்றது.

மணிமேகலை பிக்குணிக் கோலத்தில் பாத்திரம் ஏந்தி உலகவறவி என்னும் அம்பலம் புகுந்தாள் எனக் கேட்டதும் சித்திராபதி கொதித்தெழுகிறாள். கூத்தியர் நடுவே அவள் பேசும் பேச்சு இக்காப்பியத்தின் மிகக் கூர்மையான பகுதிகளுள் ஒன்று. கணவன் இறந்தால் உடன் உயிர்விடும் பத்தினியர் அல்லர் தாம் என்கிறாள். பாணன் இறந்தபின் அவனுடைய யாழ் வேறொருவன் கைக்குப் போவதைப் போன்றது தம் இயல்பு என்கிறாள். இந்த உவமையைக் கூறுபவள் ஆண்மகன் அல்லன் என்பது கருதத்தக்கது. தன்னையே ஒரு கருவியாகக் காணும்படி பழக்கப்பட்ட ஒருத்தி, அந்தப் பார்வையையே தன் குலத்தின் அறமாக இளையவர்க்கு ஓதுகிறாள். அடக்குமுறை தன் வேலையை முடித்துவிட்டது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

அடுத்து அவள் சூளுரைக்கிறாள். மணிமேகலையை உதயகுமரனின் பொற்றேரில் ஏற்றி வருவேன்; இயலாதுபோனால், குற்றம் செய்த கூத்தியர் செங்கல் சுமந்து அரங்கைச் சுற்றிவந்து வடுவோடு வாழ்வதுபோல நானும் வாழ்வேன்; கூத்தியர் மனைக்குள் புகும் தகுதியை இழப்பேன் என்கிறாள். இச்சூளுரையில்தான் அவளுடைய அதிகாரத்தின் உண்மை நிலை வெளிப்படுகின்றது. அவள் தண்டிக்கும் இடத்தில் இருப்பவள். ஆனால் அதே தண்டனை அவள் தலைக்கு மேலும் தொங்குகின்றது. பேர்த்தியைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் வரையில்தான் அவள் தலைவி. ஒப்படைக்கத் தவறினால் அவளும் செங்கல் சுமப்பவளே.

இளவரசனிடம் அவள் வாதிடும் முறையும் நோக்கத்தக்கது. தெய்வத்தின் துணை மணிமேகலைக்கு உண்டு என்று தயங்கும் அவனைப் பார்த்து நகைக்கிறாள். தேவரும் காமத்துக்கு ஆட்பட்டவரே என்கிறாள். கட்டுமீறிய கணிகையரைப் பிடித்து அடக்குவது அரசமுறை அன்றோ என்று கேட்கிறாள். உறவின் உரிமை கொண்டு பேர்த்தியை அழைக்க அவளால் இயலவில்லை. ஆதலின் அரசின் வலிமையைத் துணைக்கு அழைக்கிறாள். காமத்தைக் கடமையாக மாற்றி இளவரசன் கையில் கொடுக்கும் அந்தச் சொல்லாற்றல் வியப்புக்குரியது. அவ்வாற்றல் முழுவதும் தன் குருதியில் வந்த பெண் ஒருத்தியைச் சிறைப்படுத்தவே செலவாகின்றது.

கங்காணியின் அதிகாரம்

இத்தகைய அதிகாரத்தைத் தமிழர் காப்பியத்தில் மட்டும் கண்டவர் அல்லர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கங்காணி என்ற சொல் நன்கு தெரியும். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்தவர் கங்காணி. அவரும் தொழிலாளியாக வந்தவரே. தம் ஊராரையும் உறவினரையும் தாமே அழைத்து வந்தார், தாமே மேற்பார்த்தார், வேலைக்கு வந்த ஆளைக் கணக்கிட்டு அவருக்குக் காசு கிடைத்தது. தோட்டத்துரை தொழிலாளியின் மொழியை அறிந்திருக்க வேண்டிய தேவை பெரிதும் இல்லாமற் போனது. தொழிலாளியின் மொழியும் சாதியும் கடனும் அறிந்த கங்காணி இருந்தார். தொழிலாளர் குடியேற்றத்துக்கு இந்திய அரசு 1938இல் தடை விதித்ததோடு ஆள் சேர்க்கும் அம்முறை முடிவுற்றது. சித்திராபதி கணிகையர் வீதியின் கங்காணி எனலாம். அவ்வீதியின் நெளிவுசுளிவு அறிந்தவள் ஆதலால்தான் அவள் அரசுக்குப் பயன்படுகிறாள்.

கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1985இல் வெளியிட்ட ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ என்னும் நாவல் இதே உண்மையை வேறொரு கற்பனை உலகில் வைத்துக் காட்டுகின்றது. கிலியட் என்னும் அந்நாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமை இல்லை. படிக்கும் உரிமையும் இல்லை. குழந்தை பெறுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட பெண்களைப் பழக்கி அடக்கும் பொறுப்பு ‘அத்தைமார்’ எனப்படும் மூத்த பெண்களிடம் விடப்பட்டுள்ளது. எழுத்தும் படிப்பும் அவர்களுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டுள்ளன. பெண்களைப் பெண்களைக் கொண்டே அடக்குவது எளிது. அடக்கி ஆண்டவர் எல்லாரும் ஆளப்பட்டவருள் சிலரைத் துணை கொண்டனர் என்னும் கருத்து நாவலின் இறுதியில் வரலாற்றாசிரியர் ஒருவரின் உரையாக வருகின்றது. பல நூற்றாண்டுகளுக்கு முன் சாத்தனார் கண்ட உண்மையும் இதுவே. இவ்வொப்பீட்டால் சாத்தனாருக்குப் புதிதாகப் பெருமை சேர்க்கவேண்டியதில்லை. அவர் காட்டிய உலகம் ஒரு நகரத்துக்கோ ஒரு சமயத்துக்கோ உரியதன்று என்று தெளிவதே இதன் பயன்.

பதவிப்பெயரால் அறியப்படும் அரசி

இராசமாதேவி சித்திராபதியினும் உயர்ந்த இடத்தில் இருப்பவள். ஆனால் சீர்த்தி என்னும் பெயர் அவளுக்கு உண்டாயினும், காப்பியம் அவளைப் பெரிதும் பதவிப்பெயராலேயே சுட்டுகின்றது. இராசமாதேவி என்பது பதவியின் பெயர். அவள் வரலாற்றைப் படிக்கும்போது இக்குறிப்பு மறக்கத்தக்கதன்று.

அவள் மகன் உதயகுமரன் காஞ்சனன் என்னும் விஞ்சையனின் வாளால் இறக்கிறான். காயசண்டிகையின் வடிவில் இருந்த மணிமேகலையைத் தன் மனைவி என்று கருதிய காஞ்சனன், அவளைத் தேடிவந்த இளவரசனை வெட்டினான். செய்தி அறிந்த சோழன் மகனுக்காக வருந்தவில்லை. தான் செய்யவேண்டிய தண்டனையை விஞ்சையன் செய்தான் என்று நீதி பேசுகிறான். மணிமேகலையைக் காவலில் வைக்க ஆணையிடுகிறான். அரசனின் நீதி அத்துடன் நிறைவு பெறுகின்றது. தாயின் துயரம் எங்கே போவது?

இவ்விடத்தில் வாசந்தவை என்னும் முதியவளைச் சாத்தனார் கொண்டுவருகிறார். அரண்மனையில் மதிப்புப் பெற்ற அவள் அரசியைத் தேற்ற வருகிறாள். போர்க்களத்தில் வீழ்வதே அரச குலத்துக்குப் புகழ் என்கிறாள். இவ்வாறு இறந்த மகனுக்காக மன்னன் முன்னே துயர் காட்டாதே என்கிறாள். ஆறுதலாகத் தொடங்கும் பேச்சு அழுகைக்குத் தடையாக முடிகின்றது. நாட்டின் தலைமைப் பெண்ணுக்குத் தன் மகனுக்காக அழும் உரிமை இல்லை. அத்தடையை விதிக்க வருபவளும் ஒரு பெண்ணே.

அழமுடியாத துயரம் வஞ்சமாகின்றது. அரசி மன்னனிடம் சென்று, மணிமேகலைக்குச் சிறை தக்கதன்று, அவளைத் தன்னிடம் விடுக என்று கேட்கிறாள். கருணையின் மொழியில் கொடுமை பேசுகின்றது. அவளைப் பித்தாக்கும் மருந்தை ஊட்டுகிறாள், அது பலிக்கவில்லை. கல்லாத இளைஞன் ஒருவனுக்குப் பொன் கொடுத்து அவளைக் கெடுக்குமாறு ஏவுகிறாள். மணிமேகலை ஆண் வடிவு கொள்ள, அவன் அஞ்சி ஓடுகிறான். நோயுற்றாள் என்று பொய் சொல்லிப் புழுக்கறையில் அடைத்து உணவு மறுக்கிறாள். பசியை வெல்லும் மந்திரத்தால் மணிமேகலை வாடாதிருக்கிறாள்.

இம்மூன்று செயல்களும் பெண்ணின் அறிவையும் கற்பையும் உயிரையும் முறையே குறிவைப்பவை. அரசனை எதிர்த்து ஒரு சொல் பேச முடியாதவள், கொன்ற விஞ்சையனை எட்ட முடியாதவள், தன் கைக்கு எட்டிய ஒரே பெண்ணின் மேல் தன் அதிகாரம் முழுவதையும் செலுத்துகிறாள். அவளுடைய ஆட்சிக்குட்பட்ட நிலம் ஓர் அறை மட்டுமே. இதற்குமுன் மணிமேகலை நகரத்துச் சிறைக்கோட்டத்தில் புகுந்து சிறையோரின் பசி தீர்த்து, அதனை அறக்கோட்டம் ஆக்குமாறு மன்னனிடம் வேண்டிப் பெற்றிருந்தாள். ஊர்ச்சிறை ஒழிந்த நகரத்தில், அந்தப்புரத்தின் புழுக்கறை புதிய சிறையாகின்றது. கதையின் இந்த ஒழுங்கு தற்செயலாக நேர்ந்ததாகத் தோன்றவில்லை. அரசாணையால் திறக்கக்கூடிய சிறை ஒன்று; மனம் மாறினாலன்றித் திறவாத சிறை மற்றொன்று.

அரசிக்குக் கிடைத்ததும் சித்திராபதிக்குக் கிடைக்காததும்

அரசி நடுங்கி நிற்கும்போது மணிமேகலை அவளைச் சபிக்கவில்லை. உதயகுமரன் முற்பிறப்பில் இராகுலனாக இருந்து பாம்பு தீண்டி இறந்தபோது, அவன் மனைவியாகிய தான் தீயில் புகுந்ததைக் கூறுகிறாள். அன்று நீ எங்கே அழுதாய் என்று கேட்கிறாள். உடலுக்கு அழுதாயா, உயிருக்கு அழுதாயா என்று கேட்கிறாள். உயிருக்கு என்றால், அவ்வுயிர் சென்று புகும் இடம் அறிய இயலாது; ஆகவே அவ்வுயிர்க்கு அன்பு உடையவர் எல்லா உயிர்க்கும் இரங்குதல் வேண்டும் என்கிறாள். வாசந்தவை துயரை மறை என்றாள். மணிமேகலை துயரை விரி என்கிறாள். அரசியின் அழுகையை அவள் தடுக்கவில்லை; அதற்கு இடம் அகலமாக்குகிறாள். மனந்திரும்பிய அரசி அவளை வணங்க, நீ என் கணவனாக இருந்தவனைப் பெற்றவள், மன்னனின் பெருந்தேவி, என்னை வணங்குதல் தகாது என்று மணிமேகலை எதிர்வணக்கம் செய்கிறாள்.

மணிமேகலை காத்துக்கொண்டது மந்திர வலிமையால் அன்றோ, மந்திரம் இல்லாத பெண் என் செய்வாள் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான வினாவே. ஆனால் மந்திரங்கள் அவள் உடலை மட்டுமே காத்தன. அவற்றால் விளைந்த வியப்பு அரசியை நடுங்கவைத்தது; அவளை மாற்றியது பேச்சு. அமுதசுரபியும் அத்தகையதே. தெய்வப் பாத்திரமாயினும் அதில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை என்னும் இல்லறத்தாள். மனிதக் கை ஒன்று தொடங்கிவைக்காமல் அற்புதம் நிகழ்வதில்லை என்பது சாத்தனாரின் கொள்கை.

அடுத்த காதையில் இரு அதிகாரங்களும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. சித்திராபதி அரண்மனைக்கு வந்து அரசியின் காலில் விழுகிறாள். தான் பட்ட துன்பம் வேறெந்தக் கணிகையும் பட்டதில்லை என்கிறாள். மாதவி துறந்ததையும், பேர்த்தி வீடுதோறும் பாத்திரம் ஏந்தியதையும் ஊரார் நகைப்பதாகக் கூறுகிறாள். மணிமேகலையால் நகருக்கு நேரக்கூடிய கேட்டையும் எடுத்துரைத்து, அவளைத் தன் மனைக்குத் தருமாறு வேண்டுகிறாள். அரசி மறுக்கிறாள். சான்றோர் வெறுத்து ஒதுக்கியவற்றையே தலைமையாகக் கொண்டது உன் மனை வாழ்க்கை, மணிமேகலை என்னோடு இருப்பாள் என்கிறாள்.

அரசியின் மறுப்பு சரியானதே. ஆனால் அவள் சொல்லில் உள்ள இகழ்ச்சி சரியானதா? சற்று முன்புவரை பொன் கொடுத்துக் கயவனை ஏவியவள், வாழ்நாள் முழுவதும் பொன் பெற்றே வாழவைக்கப்பட்டவளைத் தூய்மை பேசி விலக்குகிறாள். கணிகையர் வீதியை உண்டாக்கியது அரண்மனை. தலைக்கோல் கொடுத்ததும் மாலைக்கு விலை வைத்ததும் அரண்மனை. அவ்வீதியின் இழிவு மட்டும் கணிகையின் தலையில் ஏற்றப்படுகின்றது. அரசிக்கு அறவுரை கிடைத்தது, மன்னிப்புக் கிடைத்தது, வணக்கமும் கிடைத்தது. சித்திராபதிக்கென்று தனியாக எவரும் அறவுரை கூறவில்லை. அவள் துயரம் எத்தகையது என்று எவரும் கேட்கவில்லை. அந்த மறுப்புக்குப்பின் அவள் கதை விரிவாகத் தொடர்வதில்லை. எவ்வுயிர்க்கும் இரங்குதல் வேண்டும் என்னும் மணிமேகலையின் அறம் அரண்மனை அறையில் முழங்கியது. அதே அரண்மனையின் தரையில் விழுந்து கிடந்த கிழவியை அது எட்டவில்லை. இது சாத்தனாரின் குறையா, அவர் காலத்தின் எல்லையா என்று வாதிடலாம். குறை உண்டு என்பதை மறைத்தல் திறனாய்வு ஆகாது.

அதற்காகச் சித்திராபதியைக் குற்றமற்றவள் என்று விடுவிக்கவும் இயலாது. அவள் மகள் மாதவி அதே வீட்டில் பிறந்தவள். அதே தொழிலில் தலைமை பெற்றவள். கோவலன் இறந்த செய்தி கேட்டபின் அவள் தன் தாயின் இடத்துக்கு உயர மறுத்தாள். தன் மகளைக் கண்ணகியின் மகள் என்று அழைத்து அவ்வீதிக்கு அனுப்ப மறுத்தாள். மூன்று தலைமுறையில் நடுத்தலைமுறை கயிற்றை அறுத்தது. வேறு வழி இல்லை என்று சித்திராபதி கூறமுடியாதபடி மாதவி நிற்கிறாள்.

பிற்காலத் தமிழக வரலாறும் இதற்குச் சான்று பகரும். தேவதாசி முறையை ஒழிக்கச் சென்னைச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் குரல் எழுப்பினார். அம்முறைக்குள் வாழ்ந்த பெண்களிலிருந்தே எதிர்ப்பும் வந்தது. சொத்தும் கலையும் மதிப்பும் போய்விடுமே என்ற அச்சம் அவ்வெதிர்ப்பில் இருந்தது. அவ்வாழ்வை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்னும் நாவலை எழுதி அம்முறையைச் சாடினார். சட்டம் 1947இல் நிறைவேறியது. சித்திராபதியின் அச்சமும் மாதவியின் துணிவும் ஒரே வீதியில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தன.

ஜூரோங்கில் ஒரு வாசிப்பு

சிங்கப்பூரில் மாதர் சாசனம் நிறைவேறியது 1961இல். சதுப்பு நிலமும் இறால் குட்டைகளும் ரப்பர் மரங்களும் நிறைந்திருந்த ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்கும் பணி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஒரு புறம் சட்டம் பெண்ணின் மணவாழ்வுக்குப் பாதுகாப்புத் தந்தது. மறுபுறம் பின்வந்த ஆண்டுகளில் தொழிற்சாலைகள் பெண்ணுக்குச் சம்பளம் தந்தன. வீட்டை விட்டு வெளிவந்து, வரிசையில் நின்று வேலை செய்த பெண்களுள் சிலர் பிறகு அவ்வரிசைக்கு மேற்பார்வையாளர் ஆயினர். அவர்களுடைய பேர்த்தியர் இன்று மேலாளர், ஆசிரியர், சங்கங்களின் பொறுப்பாளர். அடக்குமுறைக் காப்பிய உலகம் அவர்களுக்குப் பழங்கதையாகத் தோன்றலாம்.

ஆயினும், அதிகாரம் கைக்கு வரும் நாளில் எழும் வினா பழையதே. நான் பொறுத்துக்கொண்டதை நீயும் பொறுத்துக்கொள் என்று அடுத்தவளிடம் சொல்வதா, நான் பட்டது உனக்கு வேண்டாம் என்று சொல்வதா? மருமகளை அடக்கும் மாமியார் முதல், புதிதாக வந்தவளைத் திருத்துவதாகச் சொல்லி நோகடிக்கும் மூத்த ஊழியர் வரை, முதல் வழியில் செல்வோர் தம்மைக் கொடியவராக எண்ணுவதில்லை. மரபைக் காப்பதாகவே எண்ணுகின்றனர். சித்திராபதியும் அவ்வாறே எண்ணினாள்.

எனவே ஜூரோங்கின் வகுப்பறையிலோ வேறெங்கோ இக்காப்பியம் கற்பிக்கப்படும்போது, சித்திராபதியின் பண்புநலன் எழுதுக என்ற வினாவோடு நின்றுவிடலாகாது. அவள் செங்கல் சுமக்க அஞ்சியது ஏன்? அரசி அழக்கூடாது என்று தடுத்தவர் யார்? மாதவியால் இயன்றது அவள் தாயால் ஏன் இயலவில்லை? அரசிக்கு விரித்துக் கூறிய அறம் கணிகைக்கு ஏன் தனியே கூறப்படவில்லை? இவ்வினாக்களுக்குக் காப்பியத்திலேயே விடை தேடும் மாணவி, அதிகாரம் பெற்ற பெண்ணை வெறுக்கவும் கற்கமாட்டாள். வியந்து வணங்கவும் கற்கமாட்டாள். சிறைக்கோட்டத்தின் திறவுகோல் தன் கைக்கு வரும்போது மணிமேகலை கேட்டது என்ன என்பதை நினைவில் கொள்வாள்.